பேபி ஆஃப் அமுல்

பிறந்து மூன்று மணி நேரம்.
எடை ஒரு கிலோ நானூறு.
பரிந்துரைச் சீட்டில் பெயர் இருக்க வேண்டிய கோட்டில்
பேபி ஆஃப் அமுல் என்று எழுதியிருந்தது.
காரணம் என்ற இடத்தில்
மேல்சிகிச்சை, ஒரே சொல்.
அதன்மேல் முத்திரை பாதி விழுந்து பாதி விழாமல்.

அமுல் வரவில்லை.
தையல் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள்.
"ஆணா பொண்ணா சொல்லவே இல்லியே" என்றாள்,
அதற்குள் ஸ்ட்ரெச்சர் திரும்பிவிட்டது.
வாசலிலிருந்து கத்தினேன்: பொண்ணு.

மீஞ்சூரில் கிளம்பும்போது
இன்குபேட்டரில் பச்சை விளக்கு எரிந்தது.
வல்லூரில் ஆரஞ்சு.
பட்டமந்திரி வருமுன் எதுவும் எரியவில்லை.
பேட்டரி மாற்றச் சொல்லி மூன்று வாரமாக எழுதிக்கொடுத்தாயிற்று.
அதை இப்போது யாரிடம் சொல்ல?
உள்ளங்காலைத் தொட்டேன்.
ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வெண்டைக்காய்.

"சட்டையக் கழட்டுங்க" என்றேன் தேசிங்கிடம்.
பணம் கேட்கிறேன் என்று நினைத்து
பாக்கெட்டில் கைவிட்டார்.
"சட்டைங்க. பாப்பாவுக்கு உங்க சூடு வேணும்."

நெஞ்சில் டீசல் வாசனை,
கழுவினாலும் போகாத ஒரு கருப்பு.
அதன்மேல் அவளைக் கவிழ்த்து,
தலைக்குக் குல்லாய், முதுகுக்கு இரண்டு துண்டு.
ஆக்சிஜன் குழாயை அவர் தோள்வழியே இழுத்துப் பிளாஸ்திரி ஒட்டினேன்.
"நான் மூச்சு விடலாமா?" என்று கேட்டார்.
"விடுங்க. நீங்க விட்டாத்தான் அவ விடுவா."
அது மருத்துவப்படி சரியா, தெரியாது. வாயில் வந்தது.

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள்,
துறைமுகம் வரைக்கும் மூன்று வரிசை.
எங்கள் சைரன் தகரத்தில் மோதி எங்களிடமே வந்தது.
ஜெபராஜ் ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டே
எல்லாருடைய அம்மாவையும் திட்டினார்.
தேசிங்கு தலை நிமிராமல் சொன்னார்:
"திட்டாதீங்கண்ணா. ஒதுங்க எடமில்ல அவங்களுக்கு.
நானும் கிளீனர்தான். இதே க்யூல
எத்தினி நாள் உக்காந்திருக்கேன்.
பின்னாடி ஆம்புலன்ஸ் கத்தும்.
நாங்க இன்னா பண்றது,
பாட்டைச் சத்தமா வெச்சுப்போம்."

அப்புறம் யாரும் பேசவில்லை.
அவர் விலா ஏற, அவளும் ஏறினாள். இறங்க, இறங்கினாள்.
ஒருமுறை அவர் ஏறி இறங்கினார்,
அவள் மட்டும் நின்றாள்.
உள்ளங்காலில் சுண்டினேன்.
இன்னொரு முறை சுண்டினேன்.
பூனைக்குட்டி தும்மியது போல ஒரு சத்தம்.
டோல்கேட் தாண்டியிருந்தோம்.

முதல் மருத்துவமனையில் வார்மர் காலியில்லை என்று
வண்டிக்கே வந்து சொன்னார்கள்.
சொன்ன நர்ஸ் பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை.
எழும்பூரில் ஒரே வார்மரில் இரண்டு குழந்தைகள் படுத்திருந்தன.
இரண்டையும் கொஞ்சம் ஒதுக்கி
நடுவில் வைத்தார்கள்.
வெப்பநிலை முப்பத்தைந்து புள்ளி எட்டு.
"எதுல வெச்சுக் கொண்டுவந்தீங்க?"
படிவத்தில் இன்குபேட்டர், வார்மர், துணி என்று மூன்று கட்டம்.
துணி என்று டிக் அடித்தேன். பொய்.

திரும்பும் வழியில் பார்த்தால்
சிலிண்டர் கழுத்தில் அவர் சட்டை தொங்குகிறது.
நீலக் கட்டம், மூன்றாவது பட்டன் மட்டும் வேறு நிறம்.
துவைத்து மடித்து லாக்கரில் வைத்தேன்.
கொண்டுபோய் விட்ட குழந்தைகளைப் பற்றி
திரும்பப் போய்க் கேட்பதில்லை நான்.
கேட்ட ஒருத்தி இரண்டே மாதத்தில் வேலையை விட்டாள்.

பத்தொன்பதாம் நாள் போன்.
"மேடம், என் சட்டை இருக்குதா?
பாக்கெட்ல ஹார்பர் பாஸ் வெச்சிருந்தேன்."
சட்டை இருக்கிறது, பாஸ் தண்ணீரில் கரைந்துவிட்டது என்றேன்.
"பரவால்ல."
பின்னால் ஒரு குழந்தை அழுதது.
அது வார்டு. எந்தக் குழந்தையும் அழலாம்.
கேட்க வாயெடுத்தேன்.
"ஒரு நிமிஷம் இருங்க மேடம்" என்று
போனை எங்கோ வைத்தார்.
கொஞ்சம் தள்ளி அவர் குரல்:
"அமுலு, கை ஒழியல.
பட்டனைக் கழட்டிவுடு."